விடுதலை என்று சொல்லும்வரை

ஃபோன்டெய்ரா
25 ஆகஸ்ட் 1996

அன்புள்ள தம்பி வால்டெமாருக்கு,

அக்கா லுசிந்தா எழுதுவது. அப்பாவும் நானும் வெயிலில் வதங்கிக்கொண்டு, ஆனால் உயிரோடும் பசியோடும் இருக்கிறோம். உன் முதுகுவலி தேவலையா? சொலான்ஜும் பிள்ளைகளும் சுகம்தானே?

இந்த வருடம் திராட்சை கொடி தாங்காமல் காய்த்திருக்கிறது. எங்கு பார்த்தாலும் ஆள் தேடுகிறார்கள். பெரிய தோட்டத்துக்காரர்கள் மட்டும் வேறு ஆட்களைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். ஒருநாள் சுற்றுலா! காலையில் போர்ட்டோவிலிருந்து ரயிலில் பின்யாவுக்கு வருகிறார்கள். அங்கிருந்து படகு. தோட்டத்தில் மதியச் சாப்பாடு, பத்து நிமிடம் தொட்டியில் இறங்கித் திராட்சை மிதிப்பு, மூன்று கிண்ணம் ஒயின், சாயங்கால ரயிலில் திரும்பிவிடுகிறார்கள். அதற்குள் டூரோ பள்ளத்தாக்கையே பார்த்து முடித்துவிட்டார்களாம்.

நம் வீட்டுக்குக் கீழே ஆறு வளைகிற இடத்தில் படகு வேகத்தைக் குறைக்கிறது. ஒலிபெருக்கியில் ஒருத்தி என்னவோ சொல்கிறாள். உடனே நாற்பது பேரும் எழுந்து நின்று எனக்குக் கை ஆட்டுகிறார்கள். நான் துணி உலர்த்தினாலும் ஆட்டுகிறார்கள், கோழிக்குத் தீனி போட்டாலும் ஆட்டுகிறார்கள். நான் என்ன ஆற்றங்கரையில் கட்டிப்போட்ட கழுதையா? ஒருமுறைகூட நான் திருப்பிக் கை ஆட்டியதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிடுவேன். பார்த்துவிட்டுப் போகட்டும், அதுவும் டூரோவின் காட்சிதான்.

இதில் வேடிக்கை, அப்பாவும் அந்தக் கூத்தில் சேர்ந்துவிட்டார். சுற்றுலாக்காரர்கள் மிதிக்கும்போது தொட்டிக்கரையில் நின்று "இடது, வலது" என்று தாளம் சொல்லும் வேலை. மேனேஜர் சால்வியானோ வீடு தேடி வந்து கூப்பிட்டார். அப்பா முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"வரிசை மிதி எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம் போதும் பெல்மிரோ. அப்புறம் நாங்க விசில் ஊதிடுவோம்."

"விசிலா? அப்போ விடுதலை யாரு சொல்றது?"

"அதெல்லாம் எதுக்கு அவங்களுக்கு? ஏறிப் போய்டுவாங்க."

அப்பா அன்று ராத்திரி சாப்பிடும்போதும் இதையே சொல்லிப் புலம்பினார். தாளம் சொல்பவர் விடுதலை என்று கூவினால்தானே தோளில் தோள் கோத்த வரிசை கலையும், அதற்கு விசிலா என்று. எழுபத்து நான்கில் புரட்சி வந்து ராணுவத்துக்காரர்கள் லிஸ்பன் தெருவில் விடுதலை விடுதலை என்று கூவியதை வானொலியில் கேட்டுவிட்டு, "ஏன், மிதிச்சு முடிச்சாச்சா?" என்று கேட்ட மனிதர்தானே இவர். உனக்கு நினைவிருக்கும். முதல் முறை நீ தொட்டியில் இறங்கியபோது கால் மரத்துப்போய் அழுதுகொண்டே நின்றாய். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும்வரை அசையவில்லை. வந்ததும் அக்கார்டியன் சத்தத்துக்கு நீதான் முதலில் ஆடினாய்.

அறுவடைக்காவது வா தம்பி. அம்மாவை அடக்கம் செய்தபோது வந்தவன், அப்புறம் உன் முகத்தையே காணோம். அப்பாவின் கண்ணில் படலம் விழுந்திருக்கிறது, நிழல் மாதிரிதான் ஆள் தெரிகிறது. "அவன் எப்போ வரான்?" என்று தினமும் கேட்கிறார். ஜெனோவேவாவின் காப்பிக்கடையில் தொலைபேசி இருக்கிறது, ஆனால் அதில் நீ பேசினால் ஊரே சேர்ந்து பேசும். எழுதிவிடு.

குளிர் வருமுன் முதுகுக்குக் கம்பளி சுற்றிக்கொள்.

உன் அக்கா
லுசிந்தா


லியோன்
9 செப்டம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம், என் முதுகைத் தவிர. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அறுவடைக்கு வர முடியாது அக்கா. கூரை போடும் வேலை நடக்கிறது, ஒருவருக்கும் விடுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். போதாததற்குச் சொலான்ஜின் பெற்றோருக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம் ஆகிறது. அவர்களோடு நாலு நாள் எங்காவது போகவேண்டியிருக்கும். எங்கே என்று சொலான்ஜ்தான் முடிவு செய்கிறாள்.

அப்பா அந்தத் தொட்டிக்குத் தினமும் போகிறாரா, இல்லை சில நாட்கள் மட்டுமா? கண் அவ்வளவு மோசமா? கிட்டத்தில் நிற்பவர்களாவது தெரிகிறார்களா? இதை மட்டும் சீக்கிரம் எழுது.

பிள்ளைகளின் படம் வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
வால்டெமார்


ஃபோன்டெய்ரா
1 அக்டோபர் 1996

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நாங்கள் நன்றாக இல்லை.

உன் கேள்விக்குப் பதில் எழுத நேரமே கிடைக்கவில்லை. இனி அது தேவையும் இல்லை. அப்பாவைத் தோட்டத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை நடந்தது. படிக்கட்டு வரப்பில் கால் சுளுக்கி நான் வீட்டில் இருந்தேன். அங்கே அக்கார்டியன் வாசிக்கும் ஸெஃபெரினோ சொன்னதை எழுதுகிறேன். அவன் அக்கரைக்காரன், நம் குடும்பத்தைத் தெரியாது, இட்டுக்கட்டிச் சொல்ல அவனுக்குக் காரணமும் இல்லை.

பிரெஞ்சுக்காரர் கூட்டம் ஒன்று மிதித்துக்கொண்டிருந்தது. விசில் ஊதியதும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்துக்கொண்டே கரையேறிவிட்டார்கள். ஒருவன் மட்டும் ஏறவில்லை. நட்ட நடுத் தொட்டியில், திராட்சை ரசம் முழங்காலுக்கு மேல் இருக்க, இரண்டு கையையும் அப்படியே தோள் உயரத்தில் வைத்துக்கொண்டு நின்றானாம். பக்கத்தில் தோளும் இல்லை, ஆளும் இல்லை. அப்பா கரையிலிருந்து கேட்டிருக்கிறார்: "யாரு அது? இன்னும் நிக்கிறது யாரு?" அப்பா தொட்டிக்குள் இறங்கி, தடவிக்கொண்டே போய், அவன் தோளில் கை வைத்து, "வால்டெமாரா?" என்றாராம்.

அந்த ஆள் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்பாவின் கையை எடுத்து விலக்கிவிட்டு, ஏறிப் போய்விட்டான். அப்பா வழுக்கி விழுந்துவிட்டார். ரசத்தில் மார்புவரை முங்கிவிட்டார். அப்போது அந்தக் கூட்டம் என்ன செய்தது தெரியுமா? கைதட்டினார்கள்! வித்தையில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள் வால்டெமார். ஒரு கிழவன் விழுந்து எழ முடியாமல் கிடக்கிறான், இவர்கள் படம் எடுக்கிறார்கள்.

சால்வியானோ சொன்னாராம்: "விருந்தாளியத் தொடலாமா பெல்மிரோ? பயந்துட்டாங்க. வீட்ல போய் ஓய்வெடுங்க." ஓய்வாம்! பயந்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு கிண்ணம், விழுந்தவருக்கு ஓய்வு.

நான் அப்பாவைத்தான் முதலில் திட்டினேன். "தாடியும் கறுப்புக் கண்ணாடியுமா எவனோ ஒரு பிரெஞ்சுக்காரனாம். அவனப் போய் உங்க பிள்ளைன்னு சொல்றீங்களே!"

"வாய் பிரெஞ்சு பேசினா என்ன? நின்னுச்சே கால், அது நம்மூர்க் கால். நான் சொல்லாம வேற எவன்டி நிப்பான்?"

என் தம்பி இந்தப் பக்கம் கால் வைத்தால் முதலில் என் அடுப்படிக்குத்தான் வருவான் என்று நான் ஸெஃபெரினோவிடம் சொன்னேன். அந்தத் தாடிக்காரன் மட்டும் என் கையில் கிடைத்தால், ஆற்றில் முக்கி எடுப்பேன். கிழவர் விழுந்தால் கை கொடுக்கத் தெரியாதவன் மனிதப் பிறவியா?

அப்பாவின் முழங்கையில் நல்ல அடி. மற்றபடி சுகம் என்று வைத்துக்கொள். மாமனார் கல்யாண நாள் நல்லபடி முடிந்ததா?

உன் அக்கா
லுசிந்தா


லியோன்
24 அக்டோபர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து சில நாட்கள் ஆகிறது. வேலை அதிகம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.

அப்பாவின் முழங்கைக்குச் சூடாக ஒத்தடம் கொடு. ரேகுவாவில் நல்ல டாக்டர் இருப்பார், கண்ணையும் காட்டு. வயதானவர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றும், நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அவரைத் திட்டவும் செய்யாதே.

கல்யாண நாள் நன்றாக நடந்தது.

உன் தம்பி
வால்டெமார்


ஃபோன்டெய்ரா
14 நவம்பர் 1996

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் சுகம் கேட்டு எழுதுகிறேன். இங்கே புது ஒயினும் சுட்ட கஷ்கொட்டையுமாகப் புனித மார்ட்டின் திருநாள் வந்து போயிற்று. நம் வீட்டில் கஷ்கொட்டை வாங்கினேன், தோல் உரிக்க ஆளில்லாமல் ஆறிப்போயிற்று.

அப்பா காப்பிக்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். போனால் சும்மா விட்டால்தானே! "பெல்மிரோ, இன்னைக்குப் படகுல யாரு வந்தாங்க? போப்பாண்டவரா?" என்று ஒருத்தன். "என் அத்த மகன் பிரேசில்ல இருக்கான், அடுத்த படகுல அவனையும் தேடிப் பாருங்க" என்று இன்னொருத்தன். சிரிப்பு. ஜெனோவேவாவும் சேர்ந்து சிரிக்கிறாள், அவள் கடன் வாங்கிக் கல்யாணம் செய்தபோது தோள் கொடுத்தவர் இந்த மனிதர்.

ரேகுவாவுக்கு அழைத்துப் போனேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார், அப்பா அங்கே நாற்காலி மாதிரி உட்கார்ந்திருக்கிறார். "பிள்ளை ஏக்கம்மா. மனசு விரும்புறத கண்ணு காட்டும்." அப்பா சொன்னார்: "டாக்டர், எனக்குக் கண்ணே தெரியாது. அப்புறம் என்னத்த காட்டும்?" டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் அப்பா மறுநாள் மத்தியானம்வரை தூங்குகிறார். விழித்ததும் அதே பேச்சு.

மாத்திரையை எத்தனை நாள் கொடுப்பது? இவரைப் பைத்தியம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. சால்வியானோ போகிற இடமெல்லாம் சொல்கிறார். அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை, தொட்டி விஷயத்தில் தப்புச் சொல்லியும் பார்த்ததில்லை. இப்போது அவரே, "ஒருவேள எனக்குத்தான் புத்தி பிசகிடுச்சோ லுசிந்தா?" என்று கேட்கிறார். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பாவுக்கு ஒரு வரி எழுது. "அப்பா, அது நான் இல்லை." அவ்வளவுதான். உன் கையெழுத்தோடு அதைப் படித்துக் காட்டினால் அவர் மனது ஓய்ந்துவிடும். நானும் ஓய்வேன்.

பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உன் அக்கா
லுசிந்தா


லியோன்
2 டிசம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

நீ கேட்டதைப் பற்றி யோசித்தேன். ஒரு வரியில் இதெல்லாம் தீராது. உண்மையில் எனக்குத்தான் உன்மேல் கோபம். அப்பாவை அந்தத் தோட்டத்துக்கு அனுப்பியது யார்? இடுப்பில் சிவப்புக் கச்சையைச் சுற்றி, தலையில் காகிதப்பூ குத்திய தொப்பியை மாட்டி, ஊரான் வீட்டுப் பொம்மை மாதிரி நிறுத்தி வைத்தார்களே, நீ எப்படிப் பொறுத்துக்கொண்டாய்? நம் அப்பா ஒருநாளாவது கச்சை கட்டியிருக்கிறாரா? அவர் உடுத்துவது ஒட்டுப்போட்ட கால்சட்டை. அதைப் பார்த்தால் வருகிறவர்களுக்குச் சாப்பாடு இறங்காதாக்கும்! உனக்கு வெட்கமாக இல்லையா?

குளிருக்கு அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்புகிறேன்.

உன் தம்பி
வால்டெமார்


ஃபோன்டெய்ரா
11 டிசம்பர் 1996

வால்டெமாருக்கு,

கச்சையைப் பற்றி நான் எழுதவில்லை.

நீ எனக்கு எழுதிய கடிதமும் நான் உனக்கு எழுதியதும் எனக்கு மனப்பாடம். தொப்பியைப் பற்றியும் எழுதவில்லை, காகிதப்பூவைப் பற்றியும் எழுதவில்லை. எழுதக் கூசியது. முதல் நாள் அவர்கள் அதைக் கட்டிவிட்டபோது நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்பாவுக்கே அது சிவப்பா பச்சையா என்று தெரியாது.

நாலு நாள் எங்காவது போகவேண்டியிருக்கும் என்றாய். விடுப்பு கிடையாது என்ற அதே கடிதத்தில். அப்பா தினமும் போகிறாரா, கிட்டத்தில் நிற்பவர்கள் தெரிகிறார்களா என்று கேட்டாய். நான் என்னவோ பிள்ளைக்குப் பாசம் பொங்குகிறது என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! தன் அப்பாவின் கண் எவ்வளவு தெரியும் என்று கேட்டது, ஒளிந்துகொள்ளத் தோதாக இருக்கிறதா என்று பார்க்கத்தானா?

நீ விலக்கிவிட்டது அவருடைய கையை. ஆற்றில் முக்கி எடுப்பேன் என்று நான் எழுதியது உன்னை. அப்பாவைப் பைத்தியம் என்று ஊரே சிரித்தபோது, ஒத்தடம் கொடு என்று எழுதினாயே, எப்படியடா உனக்குப் பேனா ஓடியது? அவருக்கு நான் மாத்திரை கொடுத்தேன். உண்மையைச் சொன்னதற்காக என் கையால் அவருக்கு மாத்திரை கொடுத்தேன்.

கம்பளிச் சட்டை வந்தால் அப்படியே திருப்பி அனுப்புவேன்.

லுசிந்தா


ஃபோன்டெய்ரா
6 ஜனவரி 1997

வால்டெமாருக்கு,

உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கட்டும், உன் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்.

நீ பதில் எழுதவில்லை. கிறிஸ்துமஸ் இரவு காட் மீனும் உருளைக்கிழங்கும் கோஸும் வேகவைத்தேன். வராதவர்களுக்கு ஒரு தட்டு வைக்கும் வழக்கம் உனக்குத் தெரியும். அம்மாவுக்கு வைத்தேன். அப்பா, "இன்னொண்ணும் வை" என்றார். வைத்தேன். அவருக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இதை நான் சொல்லமாட்டேன். நீதான் சொல்லவேண்டும். மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன்.

சட்டை வந்தது. திருப்பி அனுப்ப நினைத்தேன். அப்பா தடவிப் பார்த்து, "யாரு அனுப்பினது?" என்று கேட்டுவிட்டுப் போட்டுக்கொண்டார். கழற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லுசிந்தா


லியோன்
16 பிப்ரவரி 1997

அக்கா,

நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

சொலான்ஜின் அப்பா லியோனில் மருந்துக்கடை வைத்திருந்தவர். கல்யாணத்துக்கு முன் என்னிடம் உன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். டூரோவில் சொந்தத் திராட்சைத் தோட்டம் இருந்தது, இப்போது அவர் இல்லை, தோட்டமும் விற்றாயிற்று என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதே. அந்த மேசையில் நீ உட்கார்ந்து பார்த்ததில்லை. இத்தனை வருடம் நான் ஊருக்கு வராததற்கும் அதுதான் காரணம். செத்துப்போனவரைப் பார்க்க ஆகஸ்டு தோறும் எப்படிப் போவது?

அவர்களுக்கு ஆச்சரியம் கொடுக்க என்று சொலான்ஜ் போர்ட்டோவுக்குப் பதிவு செய்தாள். "உங்க ஊர் ஆத்தப் பாக்கணும் மாப்ள, உங்க அப்பா தோட்டம் எதுன்னு காட்டணும்" என்றார் மாமனார். கடைசிவரை அந்த ஒருநாள் பயணத்தைத் தட்டிக்கழிக்கப் பார்த்தேன். முடியவில்லை. தாடி வளர்த்திருந்தேன், கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டேன்.

படகில் ஒரு பெண் எனக்கு டூரோவை விளக்கினாள் அக்கா. எனக்கு! இங்கே உள்ளவர்கள் சந்தோஷம் தாங்காமல் ராத்திரி முழுக்க ஆடிப் பாடித்தான் மிதிப்பார்கள் என்றாள். கால் மரத்துப்போவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். மாமனார் ஒவ்வொரு குன்றாகக் காட்டி, "இதா உங்க தோட்டம்? அதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஏதோ ஒன்றைக் காட்டினேன். ஆறு வளைகிற இடத்தில் எல்லோரும் எழுந்து நின்று கை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். நீ மஞ்சள் போர்வையை உலர்த்திக்கொண்டிருந்தாய். நீ முதுகைக் காட்டினாய்.

தொட்டியில் அப்பா இருப்பார் என்று தெரிந்தும் இறங்கினேன். எல்லோரும் இறங்கினார்கள். அவர் குரல் வந்ததும் என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. விசில் எனக்குக் கேட்டது. ஏறிவிடு என்று நினைத்தேன். அவர் இன்னும் சொல்லவில்லையே, அவர் சொல்லாமல் எப்படி ஏறுவது? அதனால்தான் நின்றேன். வேறு எதுவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அவர் என் பேரைச் சொன்னார். மேலே கரையில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். நான் கையை விலக்கினேன்.

அவர் விழுந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். மாமனார் தட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் தட்டினேன்.

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டு. எல்லோர் முன்னாலும் படி. என் வீட்டிலும் போன வாரம் சொல்லிவிட்டேன். மாமனார் இங்கே வருவதில்லை. சொலான்ஜ் மூன்று நாள் பேசவில்லை, நேற்று, "உங்க அப்பாவுக்குக் கண்ணு எப்ப ஆபரேஷன்?" என்று கேட்டாள்.

உன் தம்பி
வால்டெமார்


ஃபோன்டெய்ரா
9 மார்ச் 1997

தம்பி வால்டெமாருக்கு,

அப்பா நன்றாக இருக்கிறார். நானும் நடமாடுகிறேன். கொடிகளில் துளிர் வரத் தொடங்கிவிட்டது. உன் முதுகு எப்படி இருந்தாலும் சரி, கேட்டு வைக்கிறேன்.

இன்று ஞாயிறு. பூசை முடிந்து காப்பிக்கடை நிறைந்திருந்த நேரத்தில் அப்பாவைக் கைபிடித்து அழைத்துப் போனேன். உன் கம்பளிச் சட்டைமேல் அடக்கத்துக்குப் போகும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டார். போப்பாண்டவர் என்று கேலி பேசியவன் இருந்தான். பிரேசில் அத்தை மகன்காரன் இருந்தான். சால்வியானோவும் மூலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னேன். ஜெனோவேவா முனகினாள்.

"நிறுத்துடி. எங்க அப்பா பைத்தியமா இல்லையான்னு ஒரு காகிதம் வந்திருக்கு. டாக்டர் எழுதினது இல்ல, பிரான்சுல இருந்து வந்தது."

நின்றபடியே படித்தேன். மருந்துக்கடை, விற்றுப்போன தோட்டம், அப்பாவைச் சாகடித்தது, எல்லாவற்றையும் படித்தேன். "இப்போது அவர் இல்லை" என்ற இடத்தில் அப்பா, "அப்போ இங்க உக்காந்திருக்கிறது யாராம்?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. துணி உலர்த்திய இடம் வந்தபோது கடிதத்தை மேசையில் வைத்துவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே படித்தேன். உன் கடிதம் வந்த நாளிலிருந்து போகிற ஒவ்வொரு படகையும் நான் திரும்பிப் பார்க்கிறேன் என்பதை உனக்குச் சொல்லிவிடுகிறேன். கை ஆட்டுவதில்லை. பார்க்கிறேன், அவ்வளவுதான்.

நீ நின்ற இடத்தை அப்பா மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொருமுறை என்றார்.

"அவர் சொல்லாமல் எப்படி ஏறுவது, அப்படின்னு எழுதியிருக்கானா? அவன் கையெழுத்துலயா?"

"ஆமாப்பா."

"சரியாத்தான் நின்னிருக்கான்" என்று கடையைப் பார்த்துச் சொன்னார். அவர் முகத்தில் இருந்தது பெருமை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். இவ்வளவுக்கும் பிறகு இந்த மனிதருக்குப் பெருமை!

சால்வியானோ எழுந்து வந்து, "அடுத்த அறுவடைக்கு நீங்க கண்டிப்பா வரணும் பெல்மிரோ" என்று குழைந்தார். "விசில் ஊதறவனையே தாளமும் சொல்லச் சொல்லுங்க" என்றார் அப்பா. போப்பாண்டவர்காரன் ஒரு கிண்ணம் ஒயின் கொண்டுவந்து வைத்தான். அப்பா அதைத் தொடவில்லை.

பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தொட்டிக்கரையில் நிற்கும்போது வருமே அந்தக் குரல், அது அந்தச் சின்னக் கடைக்குக் கொள்ளாது. "விடுதலை!" என்று கூவினார். கண்ணாடிக் கிண்ணங்கள் அதிர்ந்தன. அக்கார்டியன் இல்லை, ஆடவும் ஆளில்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"எழுது அவனுக்கு" என்றார் என்னிடம். "நான் சொல்லிட்டேன்னு எழுது. செப்டம்பர்ல இருந்து நிக்கிறான், கால் என்னத்துக்கு ஆகும்? ஏறி வரச் சொல்லு."

எழுதிவிட்டேன்.

இனி எனக்கும் உனக்கும் உள்ளது. அப்பாவின் கண் ஆபரேஷன் மே மாதம். அறுவடைக்கு அவர் உன்னைப் பார்ப்பார். படகில் வராதே. ஊர்க்காரனைப் போல ரயிலில் வந்து இறங்கி, மேடேறி நட. சொலான்ஜையும் பிள்ளைகளையும் கூட்டி வா. பாவம், அவள் ஒருத்திதான் உங்கள் வீட்டில் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறாள்.

கடிதம் முழுவதும் கடையில் படித்தேன் என்றேன். ஒரு வரியை விட்டுவிட்டேன். நீயும் கைதட்டினாய் என்ற வரி. வாய்வரை வந்தது, என்னால் முடியவில்லை. அப்பாவுக்கு அது தெரியாது, அவர் சாகும்வரை தெரியவும் போவதில்லை. அது தெரியாமல்தான் அவர் உனக்கு விடுதலை சொன்னார். எனக்குத் தெரியும்.

நான் இன்னும் சொல்லவில்லை வால்டெமார். அதுவரை நில்.

உன் அக்கா
லுசிந்தா